வெள்ளி புரூஃப் செட் வாங்கும்போது எங்கே கோட்டை விடுகிறோம்?

சேகரிப்பவர்களுக்காகக் கண்ணாடி மாதிரி மின்னும்படி தனியாக அச்சடிக்கும் காசுகளின் தொகுப்புதான் புரூஃப் செட். அமெரிக்க நாணயச்சாலை 1992 முதல் ஆண்டுதோறும் சாதாரண புரூஃப் செட்டோடு வெள்ளி புரூஃப் செட்டும் விற்கிறது. வெள்ளி என்றதும் ‘இதுதான் விலை ஏறும்’ என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்குபவர்கள் நிறைய. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

முதல் தவறு, செட்டில் உள்ள எல்லாமே வெள்ளி என்று நினைப்பது. 1999 வெள்ளி செட்டில் ஒன்பது காசுகள். ஒரு சென்ட்டும் ஐந்து சென்ட்டும் வழக்கமான உலோகம்தான். பத்து சென்ட், ஐந்து கால் டாலர், அரை டாலர் ஆகிய ஏழும் 90 சதவீத வெள்ளி. எடை மொத்தம் 46.25 கிராம், அதில் சுத்த வெள்ளி சுமார் 41.6 கிராம். 2019 முதல்தான் 99.9 சதவீதத்துக்கு மாறினார்கள். கென்னடி உருவம் போட்ட பழைய அரை டாலரிலும் கவனம் வேண்டும்: 1964 காசு 90 சதவீதம், 1968 முதல் 1970 வரையிலான புரூஃப் காசுகள் 40 சதவீதம்தான்.

செட்டிலிருந்து பிரித்த தனிக் காசு என்றால் பளபளப்பை நம்பவே கூடாது. சாதாரணக் காசு, வெள்ளிக் காசு இரண்டுமே கண்ணாடி மாதிரிதான் மின்னும், இரண்டிலும் சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலையைக் காட்டும் ‘எஸ்’ குறிதான் இருக்கும். விளிம்பைப் பாருங்கள். சாதாரண கால் டாலரின் நடுவில் செம்பு இருப்பதால் ஓரத்தில் சிவப்புக் கோடு ஓடும்; வெள்ளியில் அது இருக்காது. நகைத் தராசில் வைத்தால் சாதாரணக் காசு 5.67 கிராம், 90 சதவீத வெள்ளிக் காசு 6.25 கிராம்.

சரி, வெள்ளிதான் என்று உறுதியாகிவிட்டது. அப்புறம் விலை. அந்த 1999 செட்டை நாணயச்சாலை 31.95 டாலருக்குக் கொடுத்தது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு வடிவம் என்று வந்த மாநிலக் கால் டாலர் வரிசையின் முதல் ஆண்டு என்பதால் மோகம் ஏறி, விலை பல மடங்கானது. மோகம் தணிந்ததும் சரிந்தது. உச்சத்தில் வாங்கியவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். அதனால் கேட்கும் விலையை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பேன்: வெள்ளிக்கு எவ்வளவு, அதற்கு மேல் எவ்வளவு? முதல் பங்கு வெள்ளிச் சந்தையோடு ஏறி இறங்கும். மேல் பங்கு, ஆசைப்பட்டு வாங்க ஆள் இருக்கும்வரைதான்.

சாதாரண செட்டை மட்டமாக நினைப்பதும் தவறு. 1975 சாதாரண செட்டில் ‘எஸ்’ குறி விட்டுப்போன பத்து சென்ட் காசுகள் இதுவரை இரண்டே இரண்டுதான் தெரியவந்துள்ளன. ஒன்று 2019 ஏலத்தில் 4,56,000 டாலருக்குப் போனது. அதில் பொட்டு வெள்ளி கிடையாது! 1990 சென்ட்டிலும் இப்படிக் குறி இல்லாதவை உண்டு. லென்ஸ் வைத்துப் பார்க்காமல் பழைய செட்டைத் தள்ளிவிடாதீர்கள்.

கடைசியாக, துடைப்பது. லேசாகக் கறுத்த ஒரு வெள்ளி அரை டாலரை, வீட்டு வெள்ளி விளக்கைத் துலக்குவதுபோல விபூதி போட்டுத் தேய்த்தேன். பளிச்சென்று ஆனது. ஆனால் விளக்கடியில் சாய்த்தால் கண்ணாடிப் பரப்பு முழுக்க முடி முடியாகக் கோடுகள். கடைக்காரர் லென்ஸில் ஒரு தடவை பார்த்தார், காசைத் தராசில் வைத்தார், எடைக்கு மட்டும் விலை சொன்னார்.