டிஸ்கார்டில் ஏஎஃப்கே நிலையை நீக்குவது எப்படி? புது மாடரேட்டர்களுக்கு

பொங்கலை ஒட்டி நடக்கும் பறவைகள் கணக்கெடுப்புக்கு மூக்கனேரிக்கு யார், ஏற்காட்டுக்கு யார் என்று சேலம் குழுவில் பிரித்துக்கொள்வது டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் உள்ள எங்கள் சர்வரில்தான். மலையில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர்கள் நவம்பரில் பழம் பறிப்பு தொடங்கியதும் பாட்டிடம் (சர்வரில் தானாக இயங்கும் நிரல்) சொல்லி ஏஎஃப்கே, அதாவது "இப்போது இங்கே இல்லை" என்ற நிலையைப் போட்டுவிடுவார்கள். வேலை முடிந்து திரும்பியவர் எல்லாவற்றையும் படிப்பார், ஆனால் எதுவும் எழுதமாட்டார். ஏஎஃப்கே அப்படியே நிற்கும். அவர் பெயரைக் குறிப்பிட்டு யாராவது கேட்டால், "பழம் பறிப்பில் இருக்கிறார்" என்று பாட் பதில் சொல்லும். கேட்டவர் அடுத்த ஆளிடம் போய்விடுவார். வர ஆசையோடு இருப்பவர் பட்டியலில் விடுபடுவது நியாயமே இல்லை. இதைச் சரிசெய்ய ஒரே ஒரு கட்டளை போதும்.

முதலில் எந்த ஏஎஃப்கே என்று பாருங்கள். பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் பிறை தெரிந்தால் அது டிஸ்கார்டின் சொந்த ஐடில் நிலை. அதை எந்த பாட்டாலும் மாற்ற முடியாது. வாய்ஸ் சேனலில் (குரலில் பேசும் அறை) சும்மா இருப்பவரை ஏஎஃப்கே சேனலுக்கு நகர்த்துவது சர்வர் அமைப்பு. அதற்கான நேரத்தை 1 நிமிடத்திலிருந்து 1 மணி நேரம் வரை வைக்கலாம். அதுவும் இங்கே பேசுவது இல்லை. பெயருக்கு முன்னால் ஏஎஃப்கே என்று ஒட்டியிருந்து, குறிப்பிடும்போது பாட் பதில் சொன்னால், அதுதான் நாம் நீக்க வேண்டியது. டைனோ போன்ற பாட்கள் இந்த வசதியைத் தருகின்றன.

பொதுவாக அவர் ஒரு செய்தி எழுதினாலே அது தானாக நீங்கிவிடும். ரியாக்‌ஷன் போடுவதும் வாய்ஸில் பேசுவதும் கணக்கில் வராது. பாட் கவனிக்க வேண்டாம் என்று ஒதுக்கிய சேனலில் எழுதினாலும் நீங்காது. ஆகவே அவரையே பொதுச் சேனலில் ஒரு வணக்கம் போடச் சொல்வதுதான் எளிய வழி. அதற்கும் நீங்காவிட்டால் கட்டளைக்கு வாருங்கள்.

1. சர்வர் செட்டிங்ஸில் ரோல்ஸ் பக்கத்தைத் திறங்கள். பாட்டின் ரோலுக்கு (அனுமதிகளைத் தரும் பொறுப்புநிலை) "மேனேஜ் நிக்நேம்ஸ்", அதாவது சர்வரில் தெரியும் பெயர்களை மாற்றும் அனுமதி இருக்க வேண்டும். அந்த ரோல், நீங்கள் மாற்றப்போகும் உறுப்பினரின் ரோலுக்கு மேலே இருக்க வேண்டும். கீழே இருந்தால் பிடித்து மேலே இழுத்து விடுங்கள். பாட்டால் பெயரை மாற்ற முடியாமல் போவதற்குப் பெரும்பாலும் இந்த வரிசைதான் காரணம்.

2. இன்டெக்ரேஷன்ஸ் பக்கத்தில் பாட்டைத் தேர்ந்தெடுத்து, ஏஎஃப்கேயை நீக்கும் கட்டளையை மாடரேட்டர் ரோல் மட்டும் பயன்படுத்தும்படி வையுங்கள்.

3. சம்பந்தப்பட்டவரிடம் தனியாகக் கேளுங்கள்: "அண்ணா, பறிப்பு முடிஞ்சுதா? ஏஎஃப்கே எடுத்துடலாமா?" இதைத் தாண்டிப் போகாதீர்கள். அந்த நிலை அவர் கொடுத்த வார்த்தை. நாகலூரில் ஒரு தோட்டத்தில் வேலை முடிந்திருக்கும், அடுத்த தோட்டத்தில் பழம் இன்னும் செடியிலேயே இருக்கும். எல்லோருக்கும் ஒட்டுமொத்தமாக நீக்கும் வசதி உங்கள் பாட்டில் இருந்தாலும் அதைத் தொடாதீர்கள்.

4. மாடரேட்டர் சேனலில் சாய்கோடு போட்டு, ஆங்கில எழுத்துகளில் ஏஎஃப்கே என்று அடியுங்கள். உங்கள் பாட்டின் கட்டளைகள் பட்டியலாக வரும். அதில் ரீசெட் அல்லது ரிமூவ் என்று இருப்பதைத் தொட்டு, யூசர் கட்டத்தில் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் முகப்புப் படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

நீக்கியதும் உறுப்பினர் பட்டியலில் அவர் பெயரைப் பாருங்கள். தமிழில் பெயர் வைத்திருப்பவர்களுக்கு இங்கே கூடுதல் கவனம் தேவை. டிஸ்கார்டில் நிக்நேம் 32 குறிகளுக்கு மேல் போகக் கூடாது. தமிழில் கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறிகளாகவே எண்ணப்படும். "கன்னங்குறிச்சி கிருஷ்ணமூர்த்தி" என்ற பெயர் இடைவெளியோடு 30 குறி. அதற்கு முன்னால் ஏஎஃப்கே சேர இடமே இல்லை. சில பாட்கள் ஒட்டாமல் விட்டுவிடும், சில பெயரின் வாலை வெட்டி ஒட்டும். வெட்டுப்பட்டிருந்தால் முழுப் பெயரை நீங்களே திரும்ப எழுதிக் கொடுங்கள். தன் பெயர் பாதியில் நிற்பதை யாரும் விரும்பமாட்டார்கள்.

நிக்நேம் மாற்றம் ஆடிட் லாகில் (சர்வரில் செய்த மாற்றங்களின் பதிவேடு) பாட்டின் பெயரில்தான் பதிவாகும், 45 நாள் வரைதான் இருக்கும். யார் கேட்டு யார் நீக்கினார் என்று மாடரேட்டர் சேனலில் ஒரு வரி எழுதி வைப்பது நல்லது.

இவருக்கு ஏஎஃப்கே இல்லையே என்று பாட் சொல்லியும் பெயரில் ஒட்டு நிற்கிறதா? பாட்டின் பதிவு போய்விட்டது, நிக்நேம் மட்டும் பழையபடி இருக்கிறது என்று பொருள். அவர் பெயரை வலது கிளிக் செய்து, "சேஞ்ச் நிக்நேம்" தேர்ந்தெடுத்துக் கையாலேயே அழித்துவிடுங்கள். ஒட்டு நிற்பது சர்வர் உரிமையாளரின் பெயரில் என்றால் பாட்டாலோ மாடரேட்டராலோ முடியாது. அவர்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.