ஏர் ஃபில்டர் எண்ணெயால் வந்த குலுக்கல்
பழைய பெட்ரோல் கார் வாங்கியபோதே, எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டரோடு வெளியில் வாங்கிய ஏர் இன்டேக் (எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்) மாட்டியிருந்தது. சிக்னலில் நின்றால் எஞ்சின் குலுங்கும், பிக்கப் இல்லை. ஸ்கேனரில் வந்த கோளாறு எண் பி 0171, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை. ஸ்பார்க் பிளக் மாற்றியும், காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைக் கழுவியும் பலனில்லை.

அப்புறம் எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரின் கனெக்டரைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். குலுக்கல் குறைந்தது! அப்படியென்றால் சென்சாரின் அளவில்தான் கோளாறு. சென்சாரின் மெல்லிய கம்பியில் ஃபில்டர் எண்ணெயும் தூசியும் படலமாக ஒட்டியிருந்தன. அதனால் உள்ளே போகும் காற்றைக் குறைத்துக் காட்டியிருக்கிறது, பெட்ரோலும் அதற்கேற்பக் குறைவாகவே போயிருக்கிறது. அந்தச் சென்சாருக்கென்றே விற்கும் ஸ்ப்ரேயால், கம்பியைத் தொடாமல் கழுவி, நன்றாக உலரவிட்டு மாட்டினேன். சரியாகிவிட்டது, பெரிய நிம்மதி.

ஃபில்டருக்குப் பின்னால் உள்ள குழாயை வெள்ளைத் துணியால் துடைத்தபோது நுண்தூசி வந்தது. நாளடைவில் பிஸ்டன் ரிங்கைத் தேய்ப்பது இந்தத் தூசிதான். கார் கம்பெனியின் ஏர் ஃபில்டர் பெட்டியையும் காகித ஃபில்டரையும் வாங்கி மாட்டிவிட்டேன்.