காலிஃபிளவர் சாதம் குழையாமல் வர

வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. ராத்திரியில் சோற்றைக் குறைக்க வேண்டும் என்றதும் காலிஃபிளவரைத் துருவிச் சமைக்க ஆரம்பித்தேன். ரசம் ஊற்றியதும் கூழாகிவிடும். அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

காரணம் தண்ணீர். காலிஃபிளவரில் 90 சதவீதத்துக்கும் மேல் அதுதான். மூடி போட்டு வேகவைத்தால் வெளியேற வழியே இல்லை. இப்போதெல்லாம் தேக்கா சந்தையில் வாங்கிய பூவைக் கழுவி, ஈரம் போக உலர்த்தித் துருவி, மெல்லிய துணியில் போட்டு இறுக்கிப் பிழிகிறேன். அப்புறம் அகலமான வாணலியில், கொஞ்சம் நல்லெண்ணெய் விட்டு, மூடாமல் பெரிய தீயில் புரட்டுவேன். ஆவி அடங்கி, ஓரம் லேசாகச் சிவந்து, கரண்டியில் அள்ளினால் பொலபொலவென்று உதிர வேண்டும். உப்பு கடைசியில்தான்; முதலிலேயே போட்டால் நீர் விட்டுக்கொள்ளும்.

100 கிராம் சோற்றில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து; காலிஃபிளவரில் சுமார் 5 கிராம்தான். எலுமிச்சை, தேங்காய் கலந்தால் அருமை. தயிர் என்றால் ஆறவிட்டுக் கலக்குங்கள். ரசம், சாம்பாரைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், சாப்பிடும்போது கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொள்ளலாம். இன்சுலின் போடுபவர்கள் சோற்றைக் குறைக்கும் முன் டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள், சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம்.