புல்லைத் தேடும் முன் மண்ணைத் தோண்டுங்கள்

கோவையில் வீடுகளுக்குப் புல்தரை போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. கூப்பிடுகிறவர்கள் முதலில் கேட்பது, "கொரியன் போடலாமா, பெர்முடா போடலாமா?" என்றுதான். நான் மண்வெட்டி கேட்பேன். எந்தப் புல் என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். மண்ணுக்குள் கோரைக்கிழங்கு, அதாவது கோரைக் களையின் கிழங்கு, கிடக்கிறதா என்று முதலில் தெரிய வேண்டும்.

கோரையை அடையாளம் காண்பது சுலபம். தண்டைக் கிள்ளி இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிப் பாருங்கள். உருளாது, மூன்று பட்டை கையில் தட்டுப்படும். பிடித்து இழுத்தால் இலை மட்டும் கையோடு வந்துவிடும், கிழங்கு உள்ளேயே நிற்கும். வம்பே அதுதான். ஒரு கிழங்கிலிருந்து கம்பி மாதிரி வேர் ஓடி அடுத்த கிழங்கு, அங்கிருந்து இன்னொன்று. முக்கால் அடி ஆழமாவது கொத்தி, கிழங்குகளைக் கையால் பொறுக்குங்கள். பிறகு தண்ணீர் விட்டு இரண்டு வாரம் அப்படியே போடுங்கள். தப்பியவை முளைத்துத் தலைகாட்டும். மறுபடி கிளறிப் பொறுக்க வேண்டும். முளைப்பது நிற்கும்வரை இதே வேலைதான்.

வீட்டுக்காரர்களுக்கு இந்த இடத்தில்தான் பொறுமை போகும். "கிரகப்பிரவேசம் வருதுங்க, அதுக்குள்ள பச்சையா தெரியணும்" என்பார்கள். அன்றைக்குத் தொட்டிச் செடிகளை வாடகைக்கு எடுத்து அடுக்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவேன். விலைக்கு வாங்கும் செம்மண்ணோடும் கோரை வரும். லோடு இறக்கும்போதே நாலைந்து இடத்தில் அள்ளிப் பார்த்துவிடுங்கள்.

புது வீடாக இருந்தால் செங்கல் துண்டு, சிமெண்ட் கலவை எல்லாம் மேல்மண்ணுக்கு அடியில் புதைந்திருக்கும். புல் திட்டுத்திட்டாக மஞ்சளடித்தால் முதலில் அங்கே தோண்டிப் பாருங்கள். கழிவை எடுத்துவிட்டு, நன்றாக மக்கிய தொழு உரம் கலந்த செம்மண்ணை அரை அடி நிரப்புங்கள். மக்காத சாணம் போட்டால் களை விதையும் வேர்ப்புழுவும் சேர்ந்து வரும். சுவரிலிருந்து தண்ணீர் வெளிப்பக்கம் ஓடும்படி வாட்டம் கொடுங்கள். ஒருமுறை தண்ணீர் விட்டுப் பார்த்தால் பள்ளம் எங்கே என்று தானே தெரிந்துவிடும்.

இனிப் புல். நாள் முழுக்க வெயில், உப்புப் போர்த்தண்ணீர் என்றால் பெர்முடா, அதாவது நம் அருகம்புல் சாதி. கொரியன் மெதுவாக வளரும், வெட்டாமல் விட்டால் மேடுமேடாகப் புடைத்துக்கொள்ளும். அரை நிழலுக்கு அகல இலை எருமைப்புல் பரவாயில்லை. மாமரத்தடி அடர்நிழலில் எந்தப் புல்லும் நிற்காது. அங்கே ஜல்லியைப் பரப்பி நாற்காலி போடுவது உத்தமம்.

கார்ப்பெட் துண்டுகளை, அதாவது வேரும் மண்ணுமாகப் பாய்போல் சுருட்டி வரும் புல்லை, வண்டி வந்த அன்றே பதித்துவிட வேண்டும். சுருட்டியபடி வைத்தால் உள்ளே வெந்துபோகும். செங்கல் கட்டு போல இணைப்பு மாறிமாறி வரட்டும், இடைவெளி வேண்டாம். முதல் இரண்டு வாரம் காலையும் மாலையும் ஈரம் காட்டுங்கள். ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள். கையோடு வராவிட்டால் வேர் பிடித்துவிட்டது.

அதற்குப் பிறகும் தினமும் தெளித்துக்கொண்டிருந்தால் வேர் மேலாகவே நின்று, சித்திரை வெயிலில் காயும். மழை இல்லாத வாரத்தில் 100 சதுர அடிக்குச் சுமார் 230 லிட்டர். அதை இரண்டு மூன்று தடவையாகப் பிரித்து, விடிகாலையில் ஆழமாக நனையவிடுங்கள். இரவெல்லாம் இலை ஈரமாக இருந்தால் பூஞ்சணம் வரும்.

யூரியா 100 சதுர அடிக்கு 100 கிராமுக்கு மேல் வேண்டாம். மணலோடு கலந்து, இலையில் ஈரம் இல்லாதபோது வீசி, உடனே தண்ணீர் விடுங்கள். ஈர இலையில் ஒட்டினால் கருகும். ஐப்பசி அடைமழையில் போட்டால் காசு சாக்கடைக்குப் போகும்.

வெட்டும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். பெர்முடா என்றால் ஒன்று, ஒன்றரை அங்குலம் நிற்கட்டும். வெட்டிய மறுநாள் நுனிகள் நார்நாராகி வெளுத்திருந்தால் பிளேடு மழுங்கிவிட்டது, சாணை பிடிக்கக் கொடுங்கள். ஊருக்குப் போய்த் திரும்பிய அன்றைக்கே முழங்கால் உயரப் புல்லை ஒட்ட மழிக்க வேண்டாம். சில நாள் இடைவெளி விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.