பிரசன்டேஷன் கோப்பிலிருந்து படங்களை மூலத் தரத்தில் எடுப்பது எப்படி?

மண்டபம் முதல் தொண்டி வரையுள்ள கடற்கரை ஊர்களில் கடற்பாசி வளர்ப்பு, கடற்பசுப் பாதுகாப்பு, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் என எதைப் பற்றிப் பயிற்சி நடந்தாலும், முடிந்த பிறகு வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் ஒரு பவர்பாயின்ட் கோப்புதான். அதிலுள்ள படங்களை மகளிர் குழுவின் பேனரிலோ பள்ளிச் சுவரொட்டியிலோ போட விரும்புகிறவர்கள், ஸ்லைடைத் திரையில் விரித்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து அச்சுக்கடையில் கொடுத்துவிடுகிறார்கள். 1920 பிக்சல் அகலமுள்ள திரையில் பாதியை அடைத்திருக்கும் படம் 960 பிக்சல்தான் தேறும். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற அச்சுக் கணக்கில் அது 3 அங்குலத்தைச் சற்றே தாண்டும். நான்கடி பேனரில் மூங்கில் மிதவையும் பாசியும் கட்டம் கட்டமாகச் சிதறித் தெரிவதற்கு அச்சுக்கடைக்காரர் பொறுப்பல்லர்.

படத்தின் மேல் வலது கிளிக் செய்து ‘சேவ் ஆஸ் பிக்சர்’ கொடுப்பது ஒன்றிரண்டு படங்களுக்குப் போதும் என்றாலும், பதிப்பைப் பொறுத்து ஸ்லைடில் தெரியும் அளவுக்குச் சுருங்கிய படமே கிடைக்கக்கூடும். மூலப் படம் வேண்டுமென்றால் கோப்பையே பிரித்துவிடுவது நல்லது. பவர்பாயின்ட் 2007 பதிப்பு முதல் வழக்கில் உள்ள பிபிடிஎக்ஸ் (.pptx) கோப்பு, உண்மையில் பல சிறு கோப்புகளை உள்ளடக்கிய ஒரு ஜிப் கட்டுதான்.

முதலில் கோப்பை ஒரு நகல் எடுத்துக்கொண்டு, நகலின் பெயர் இறுதியில் உள்ள பிபிடிஎக்ஸ் என்பதை ஜிப் என்று மாற்ற வேண்டும். விண்டோஸில் இந்த இறுதிப் பகுதி மறைந்திருந்தால், ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் ‘வியூ’ மெனுவில் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதைத் தேர்ந்துகொள்ள வேண்டும். அதைச் செய்யாமல் பெயர் மாற்றினால் ஜிப் என்ற சொல் பெயரின் நடுவில் ஒட்டிக்கொள்ளுமே தவிர கோப்பின் வகை மாறாது. வகை மாறினால் கோப்பு திறக்காமல் போகலாம் என்று வரும் எச்சரிக்கைக்கு ‘யெஸ்’ கொடுத்து, வலது கிளிக்கில் ‘எக்ஸ்ட்ராக்ட் ஆல்’ செய்தால் ஒரு ஃபோல்டர் விரியும். அதில் ‘பிபிடி’, அதற்குள் ‘மீடியா’ என்று போனால் எல்லாப் படங்களும், கோப்பிலேயே பதிக்கப்பட்டிருந்தால் வீடியோக்களும் இருக்கும்.

இனிதான் கவனம் தேவை. படங்கள் ‘இமேஜ்1’, ‘இமேஜ்2’ என்ற பெயர்களில் இருக்கும். அந்த எண்கள் ஸ்லைடு வரிசையைப் பின்பற்றும் என்று நம்ப முடியாது. பின்னணிப் படமும் நிறுவன லோகோவும் இவற்றோடு கலந்திருக்கும். படத்தின் மேல் தனியாகத் தட்டச்சு செய்த பெயர்களும் அம்புக்குறிகளும் படத்தோடு வருவதில்லை. மரிக்கொழுந்துப் பாசியையும் கஞ்சிப்பாசியையும் கடலில் இறங்கிப் பறிக்கும் பெண்கள் பார்த்ததும் பிரித்துச் சொல்லிவிடுவார்கள். வடிவமைப்பாளருக்கோ இரண்டும் ஒரு கொத்துப் பாசி மட்டுமே. சந்தேகம் வந்தால் ‘பிபிடி’ ஃபோல்டரில் ‘ஸ்லைட்ஸ்’, அதற்குள் ‘_ரெல்ஸ்’ என்று சென்று, உரிய ஸ்லைடின் எண்ணைத் தாங்கிய கோப்பை நோட்பேடில் திறக்கலாம். ‘டார்கெட்’ என்ற சொல்லை அடுத்து ‘../மீடியா/இமேஜ்12.ஜேபெக்’ என்பதுபோல் வரும் வரி, அந்த ஸ்லைடில் எந்தப் படம் இருக்கிறது என்பதைக் காட்டிவிடும். பிறகு மூல ஸ்லைடோடு ஒப்பிட்டு, அந்தப் படத்துக்குப் பாசியின் பெயரையே வைத்துவிடலாம்.

ஸ்லைடில் கிராப் செய்து மறைத்த பகுதியும் பெரும்பாலும் மூலப் படத்தில் அப்படியே இருக்கும். மிதவையை மட்டும் காட்டிய ஸ்லைடின் படத்தைப் பிரித்தெடுத்தால், ஓரத்தில் நின்றிருந்த பெண்ணின் முகமும் சேர்ந்து வரலாம்; அவரிடம் கேட்காமல் அதைப் பேனரில் போடுவது முறையல்ல.

எடுத்த படமும் சிறியதாகவே இருந்தால், கோப்பைச் சேமிக்கும்போதே படங்கள் சுருக்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு. அந்தச் சுருக்கத்துக்கான செட்டிங் அங்குலத்துக்கு 220 பிக்சல் என்றிருந்தால், ஸ்லைடில் 5 அங்குல அகலத்தில் வைத்த புகைப்படம் 1100 பிக்சலாகக் குறைந்துவிடும். இழந்த நுணுக்கத்தை எந்த மென்பொருளாலும் உள்ளபடி மீட்க முடியாது. பயிற்சி கொடுத்தவரிடமே மூலப் புகைப்படத்தைக் கேட்டு வாங்க வேண்டும். பவர்பாயின்டிலேயே வரைந்த வரைபடங்களும், ஸ்மார்ட்ஆர்ட் என்ற அதன் ஆயத்த விளக்கப்படங்களும் சாதாரணப் படங்களாக மீடியா ஃபோல்டரில் கிடைப்பதில்லை. அவற்றுக்கு முழு ஸ்லைடையும் பிஎன்ஜி படமாகச் சேமிப்பது ஒரு வழி.

பழைய பிபிடி கோப்பு ஜிப் கட்டு அல்ல என்பதால், அதைத் திறந்து பிபிடிஎக்ஸ் வகையில் சேமித்த பிறகே இம்முறை பலிக்கும். கூகுள் ஸ்லைட்ஸில் உள்ளதையும் பிபிடிஎக்ஸாகப் பதிவிறக்கிக்கொள்ளலாம். லிப்ரே ஆபீஸின் ஓடிபி (.odp) கோப்பில் படங்கள் ‘பிக்சர்ஸ்’ ஃபோல்டரிலும், வேர்டு கோப்பில் ‘வேர்டு’ ஃபோல்டருக்குள் ‘மீடியா’விலும் இருக்கும். திறப்பதற்கே கடவுச்சொல் கேட்கும் கோப்பு மறையாக்கம் செய்யப்பட்டது. அதைக் கடவுச்சொல் கொடுத்துத் திறந்து, பூட்டை நீக்கிச் சேமித்த பின்னரே பிரிக்க முடியும்.