வேலை, குடும்பம், பட்டப்படிப்பு: அரைமணி நேரத் துண்டுகளில் படிப்பது எப்படி?

சேர்க்கை முடிந்து பாடத்திட்டம் கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

படி 1: கணக்குப் போடுங்கள். படிப்புச் சுமையைக் கிரெடிட் என்ற அலகால் அளப்பார்கள். ஐரோப்பியக் கிரெடிட் முறையில் ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. முழுநேரப் படிப்பு ஆண்டுக்கு 60 கிரெடிட். பாதியை எடுத்தாலே குறைந்தது 750 மணி நேரம். ஒரு வாரம்கூட விடாமல் படித்தாலும் வாரத்துக்கு 14 மணி நேரத்துக்கு மேல். உங்கள் பல்கலைக்கழகத்தின் கணக்கு வேறாக இருக்கலாம், ஆனால் எண்ணைத் தாளில் எழுதிப் பாருங்கள். மலைப்பாக இருந்தால் பாடத்தைக் குறையுங்கள். தூக்கத்தில் கை வைக்காதீர்கள், படித்தது மண்டையில் நிற்பதே தூக்கத்தால்தான்.

படி 2: எல்லாத் தேதிகளையும் ஒரே காலண்டரில் எழுதுங்கள். அசைன்மென்ட், ஆபீஸ் மாதக்கடைசி, பிள்ளைகளின் பரீட்சை, எல்லாம். நான் பேப்பர் காலண்டர் கட்சி. போன் நினைவூட்டல் உங்களுக்கு மட்டும்தான் அடிக்கும். சுவரில் இருப்பதை வீடே பார்க்கும். வீட்டில் உதவி கேட்கும்போதும் "கொஞ்சம் ஒத்தாசை பண்ணுங்க" என்றால் வேலைக்காகாது. "செவ்வாய் ராத்திரி சமையலும் பிள்ளைகளும் உங்க பொறுப்பு" என்று கேளுங்கள்.

படி 3: நிறுத்தும்போது குறிப்பு எழுதுங்கள். இதில்தான் நான் ரொம்ப நாள் மாட்டிக்கொண்டிருந்தேன். கிடைப்பது அரைமணி நேரம். அதில் பாதி, போன தடவை எங்கே விட்டோம் என்று தேடுவதிலேயே போய்விடும். ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்குப் போனாலும் மனதின் ஒரு பகுதி பழையதிலேயே ஒட்டியிருக்கும் என்று ஆய்வாளர் சோஃபி லெராய் 2009இல் எழுதினார். திரும்பி வந்ததும் என்ன செய்யப் போகிறோம் என்று சுருக்கமாக எழுதிவைத்தால் அந்த ஒட்டல் குறைகிறது என்பது 2018இல் அவரும் தெரேசா குளோம்பும் கண்டது.

என் குறிப்பு ஒன்று இப்படி இருக்கும்: "மூன்றாம் பத்தி பாதியில். இரண்டு ஆய்வுகளின் முடிவும் முரண். பக்கம் 47 அட்டவணை பார். அடுத்த வாக்கியம்: இந்த முரணுக்கு முதல் காரணம்..."

அந்த அரைகுறை வாக்கியம் முக்கியம். "கட்டுரையைத் தொடரவும்" என்று எழுதினால் ஒரு பிரயோஜனமும் இல்லை. குழந்தை கூப்பிட்டாலும் இதை எழுதிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். ஒரு நிமிடம் போதும்.

படி 4: மறுபடி வாசிப்பதை விட்டு, நினைவிலிருந்து சொல்லிப் பாருங்கள். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் செய்த சோதனையில், ஐந்து நிமிடம் கழித்து மறுவாசிப்பு முந்தியது. ஒரு வாரம் கழித்து நினைவுகூர்ந்து பார்த்தவர்கள் முந்தினார்கள். பஸ்ஸில் போகும்போது இதற்கு அங்கி (Anki) என்ற கேள்வி-பதில் அட்டைச் செயலி எனக்குப் பிடிக்கும். ஆண்ட்ராய்டிலும் கணினியிலும் இலவசம், ஐபோனில் காசு. அட்டைகளை நீங்களே எழுதுங்கள், அடுத்தவர் தொகுத்ததை இறக்கிக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. மேற்கோள் பட்டியலுக்கு ஸோட்டெரோ (Zotero) மென்பொருள், வேறு பேச்சே இல்லை.

பிற்சேர்க்கை: ஷிப்ட் மாறுகிறவர்கள் கிழமை வைத்துத் திட்டமிட முடியவில்லை என்று பின்னூட்டத்தில் எழுதியிருந்தார்கள். கிழமையை விடுங்கள், "நைட் ஷிப்ட் முடிந்து தூங்கி எழுந்ததும் ஒரு மணி நேரம்" என்று ஷிப்டோடு கட்டுங்கள். இன்னொருவர் கெடு நீட்டிப்பு பற்றிக் கேட்டிருந்தார். கெடு முடிவதற்கு முன்பே, ஷிப்ட் அட்டவணையையும் இதுவரை எழுதியதையும் இணைத்து, எந்தத் தேதிக்குள் தருவீர்கள் என்றும் சொல்லி மெயில் போடுங்கள்.