டி'ஏஞ்சலோவின் 'வூடூ': அவசரப்படாமல் கேட்பது எப்படி

அமெரிக்க சோல் பாடகர் டி'ஏஞ்சலோவின் முதல் ஆல்பம் 'பிரவுன் சுகர்' (1995) பிடித்துப்போய், அதே மாதிரி இன்னொன்று கிடைக்கும் என்று அவருடைய அடுத்த ஆல்பமான 'வூடூ'வைப் போடுகிறவர்கள் நிறையப் பேர் மூன்றாவது பாட்டிலேயே நிறுத்திவிடுகிறார்கள். டியூன் எங்கே என்று கேட்பார்கள். டியூன் இருக்கிறது, ஆனால் அது முன்னால் வந்து நிற்காது. 2000 ஜனவரியில் வந்த இந்த ஆல்பத்தை முதலில் கீழிருந்து, அதாவது டிரம்ஸிலும் பேஸிலும் இருந்து கேட்க ஆரம்பிக்க வேண்டும். குரல் தானாக வந்து சேரும்.

முதல் வேலை, போன் ஸ்பீக்கரில் போடாதீர்கள். பினோ பல்லடினோவின் பேஸ் அதில் சுத்தமாகக் காணாமல் போய்விடும், பேஸ் இல்லாவிட்டால் இதில் பாதி ஆல்பம் இல்லை. சுமாரான ஹெட்ஃபோன் போதும். ஆப்பில் ஷஃபிள், கிராஸ்ஃபேட் (ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் வசதி) இரண்டையும் அணைத்துவிடுங்கள், ஏனென்றால் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் வரும் பேச்சும் முணுமுணுப்பும்கூட இந்த ஆல்பத்தில் சேர்த்திதான்.

13 பாட்டு, கிட்டத்தட்ட 79 நிமிஷம். ஒரே மூச்சில் வேண்டாம். முதல் நாள் 'தி ரூட்', 'ஸ்பானிஷ் ஜாயிண்ட்' இரண்டு மட்டும் போதும். இரண்டிலும் சார்லி ஹண்டர் எட்டுத் தந்திக் கிட்டாரில் பேஸையும் கிட்டாரையும் ஒரே நேரத்தில் வாசிக்கிறார், இரண்டு பேர் என்று நினைத்துக் கேட்டுவிட்டு, ஒரே ஆள்தான் என்ற நினைப்போடு மறுபடி கேட்டுப் பாருங்கள். 'ஸ்பானிஷ் ஜாயிண்ட்'டில் ராய் ஹார்க்ரோவின் ட்ரம்பெட் வேறு. ஆல்பத்திலேயே சட்டென்று பிடித்துக்கொள்ளும் பாட்டு அதுதான்.

அடுத்து 'சிக்கன் கிரீஸ்'. இதைத் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள். உங்கள் கை சரியாக விழும், ஆனால் அதற்கு ஒரு நூலிழை தள்ளி ஏதோ ஒன்று வந்து சேரும். ஆளுக்கு ஆள் தாளம் பிசகுகிறதோ என்று தோன்றும். பிசகவில்லை, வேண்டுமென்றே அப்படி வாசிக்கிறார்கள். டெட்ராய்ட்டைச் சேர்ந்த ஹிப்-ஹாப் தயாரிப்பாளர் ஜே டில்லா டிரம் மெஷினில் தட்டிய தாளங்களை மெஷினின் துல்லியமான கட்டத்துக்குள் அடைக்காமல் அப்படியே விட்டுவிடுவார், அந்தத் தள்ளாட்டத்தை இங்கே டிரம்மர் குவெஸ்ட்லவ் நிஜ டிரம்ஸில், கையால் கொண்டுவருகிறார். மெஷின் மாதிரி துல்லியமாக அடிப்பதில் பேர் வாங்கியவர் அவர், அவரைப் போய்ப் பின்னால் இழுத்து வாசிக்க வைத்திருக்கிறார் டி'ஏஞ்சலோ! அந்த இடைவெளி காதுக்குப் பழகிவிட்டால், அப்புறம் ஆல்பம் முழுக்கத் திறந்துகொள்ளும்.

வரிகளைத் தேடிப் படித்துக்கொண்டே கேட்க வேண்டாம், குறைந்தபட்சம் ஆரம்பத்தில். டி'ஏஞ்சலோ சொற்களை மென்று விழுங்குகிறார், தன் குரலையே அடுக்கடுக்காகப் பதிவு செய்து ஒரு கோரஸ் கட்டுகிறார். வர்ஜீனியாவில் பெந்தெகொஸ்தே போதகரின் மகனாக சர்ச்சில் வாசித்துப் பாடி வளர்ந்தவர், அந்தக் கூட்டுக்குரல் எங்கிருந்து வந்தது என்று இதில் நன்றாகவே தெரியும். 'சென்ட் இட் ஆன்' கேட்டாலே போதும்.

'லெஃப்ட் அண்ட் ரைட்' எனக்கு இன்னும் ஒட்டவில்லை, தாண்டிப் போனால் ஒன்றும் குறையாது. 'அன்டைட்டில்ட்'டைத் தனியாக எடுத்துக் கேட்காமல் 12-வது பாட்டாக, அதன் இடத்திலேயே வர விடுங்கள். ஏழு நிமிஷம் மெல்ல மெல்ல ஏறி, உச்சத்தில் இருக்கும்போதே பட்டென்று அறுந்துவிடும். உங்கள் நெட் போகவில்லை, பாட்டே அப்படித்தான். உடனே 'ஆஃப்ரிக்கா' வரும், அதற்கு முன்னால் நிறுத்திவிடாதீர்கள்.

முழு ஆல்பத்தையும் வரிசையாகக் கேட்க ஆரம்பித்த பிறகு நாலு நாள் இடைவெளி விட்டுத் திரும்ப வாருங்கள். அவருடைய அடுத்த ஆல்பமான 'பிளாக் மெசையா'வை (2014) அதற்கப்புறம் எடுங்கள், பினோவும் குவெஸ்ட்லவும் அதிலும் இருக்கிறார்கள், ஆனால் அதில் கிட்டார் முன்னால் வந்து நிற்கிறது, சத்தமும் கரடுமுரடு, அதனால் அதை இன்னும் கொஞ்சம் சத்தமாக வைத்துக் கேட்க வேண்டும்.